வெயில் சரிவின் ஈக்கள்: யூக்கான் புல்வெளிகள் எங்கிருந்து வந்தன?

கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது யூக்கான். அங்கே ஒரே மலைக்கு இரண்டு முகம் உண்டு. வடக்குப் பார்த்த பக்கம் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள், காலடியில் மெத்தை போலப் பாசி. பல இடங்களில் அந்தப் பாசிக்குக் கீழே கோடையிலும் உருகாத உறைமண். மலையைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் வந்தால் மரமே இருக்காது. காய்ந்த புல், வெடித்த மண், சாம்பல் நிறத்தில் தரையோடு படர்ந்த ஒரு சின்னச் செடி. அதன் இலையைக் கசக்கி முகர்ந்தால் நம் ஊரில் கதம்பத்தோடு கட்டும் மரிக்கொழுந்துக்குச் சொந்தம் என்பது தெரிந்துவிடும். இரண்டுமே ஆர்ட்டிமீசியா பேரினத்துச் செடிகள்தான்.

60 பாகைக்கு வடக்கே கோடையிலும் சூரியன் உச்சிக்கு ஏறாது. சாய்ந்தே வரும் அந்த வெயிலை நேராக ஏந்திக்கொள்வது தெற்குச் சரிவு. மேற்கே செயின்ட் இலியாஸ் மலைத்தொடர் மறித்து நிற்கிறது. கனடாவின் மிக உயர்ந்த சிகரமான லோகன், 5,959 மீட்டர், அதில்தான் இருக்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அங்கேயே பனியாகக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் தலைநகர் வைட்ஹார்ஸுக்கு மழை, பனி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 260, 270 மில்லிமீட்டர்தான் மிஞ்சுகிறது. காட்டுக்கு நடுவே, வெயில் படும் சரிவுகளில் மட்டும், துண்டு துண்டாகப் புல்வெளிகள் உருவானது இப்படித்தான். க்ளூவானி ஏரியின் கரையில், கார்க்ராஸ் பக்கத்தில், யூக்கான் ஆற்றை ஒட்டிக் கார்மாக்ஸ் வழியாக டாசன் வரைக்கும் இப்படிப்பட்ட துண்டுகள் இருக்கின்றன.

இங்கே வளரும் செடிகளில் பல, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா மாகாணங்களில் விரிந்து கிடக்கும் பிரெய்ரிப் புல்வெளியிலும் வளர்கின்றன. மரிக்கொழுந்தின் அந்தச் சொந்தச் செடி அங்கேயும் உண்டு. மனிடோபா தன் மாநிலப் பூவாக வைத்திருக்கும் ஊதா நிறப் பாஸ்க் பூவும் யூக்கான் சரிவுகளில் வசந்தத்தின் தொடக்கத்திலேயே மலர்கிறது. அப்படியானால் இந்தத் துண்டுகள் பிரெய்ரியிலிருந்து பிய்ந்து வந்தவையா? அல்லது பிரெய்ரிக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பழைய புல்வெளியின் மிச்சமா?

புல்லைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது. ஒரே புல் இரண்டு இடத்துக்கும் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கலாம். அந்தப் புல்லை நம்பி வாழும் சின்ன உயிர்களைக் கேட்டால் பதில் கொஞ்சம் துலங்கும். வடக்கே அந்தச் சின்ன உயிர்களில் முதலிடம் ஈக்களுக்குத்தான்.

ஈ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இலையில் வந்து உட்காரும் வீட்டு ஈ. அதை ஒதுக்கி வைத்துவிடுவோம். இங்கே ஈ என்பது, பல குடும்பங்கள் அடங்கிய இருசிறகிகள் என்ற மொத்த வரிசையையும் குறிக்கும். மற்றப் பூச்சிகளுக்கு நான்கு சிறகு என்றால் இவற்றுக்கு இரண்டுதான். பின்சிறகுகள் குண்டூசித் தலைபோலச் சிறுத்து, பறக்கும்போது உடல் சாய்வதை உணர்ந்து சமன் செய்யும் கருவியாகிவிட்டன. கொசு, உண்ணும் பழத்தைச் சுற்றும் பழ ஈ, மாட்டைக் கடிக்கும் ஈ, நெற்பயிரில் ஆனைக்கொம்பனை உண்டாக்கும் ஈ எல்லாமே இந்தக் கூட்டம்தான். உலகில் பெயர் வைக்கப்பட்டவை மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

வடக்கே போகப் போக வண்டு, வண்ணத்துப்பூச்சி, தேனீ எல்லாம் வேகமாகக் குறையும். ஈக்களும் குறைகின்றன, ஆனால் மெதுவாக. அதனால் கூட்டத்தில் அவற்றின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. கனடாவின் ஆர்க்டிக் தீவுகளை எட்டும்போது பூச்சி இனங்களில் ஏறத்தாழ பாதி ஈக்களாகவே இருக்கின்றன. குளிர்ந்த ஈரமண்ணிலும் அழுகிய இலையிலும் புழு மெதுவாக வளரும். தேவைப்பட்டால் ஒரு கோடையில் முடியாததை அடுத்த கோடையில் முடித்துக்கொள்ளும். சிறகு முளைத்த பிறகு வாழ்வது சில நாள், சில வாரம். கூடு கட்டிக் குஞ்சுக்குத் தேன் சேர்க்கும் வேலை இல்லை. குறுகிய கோடைக்கு இதைவிடத் தோதான வாழ்க்கை கிடையாது.

தேனீ செய்யும் வேலையும் அங்கே பெருமளவு ஈக்களின் தலையில்தான் விழுகிறது. எல்ஸ்மியர் தீவின் ஹேசன் ஏரிக் கரையில் பீட்டர் கெவன் என்ற ஆய்வாளர் கிண்ண வடிவப் பூக்கள் சூரியனோடு சேர்ந்து முகம் திருப்புவதைப் பார்த்தார். அந்தக் கிண்ணத்தின் நடுப்பகுதி சுற்றுக் காற்றைவிடச் சில பாகை அதிகச் சூடாக இருந்தது. ஈக்கள் அதில் வந்து உட்கார்ந்து குளிர்காய்கின்றன, போகும்போது மகரந்தத்தைச் சுமந்து போகின்றன. 1975ல் அவர் இதை எழுதியபோது, வடக்கின் பூக்கள் யாருக்காக மலர்கின்றன என்பதும் விளங்கியது.

கனடாவில் இதுவரை பதிவான இருசிறகிகள் 9,620 இனங்கள், 116 குடும்பங்கள். இது 2019ல் வெளியான கணக்கு. 1979ல் எடுத்த முந்தைய கணக்கைவிட 36 சதவீதத்துக்கும் கூடுதல். இன்னும் பதிவாகாமல் இருப்பவை குறைந்தது 5,200, கூடினால் 20,400 என்று அதே ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனியுங்கள். கையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு வெளியே இருக்கலாம் என்றால், அது கணக்கில் விட்டுப்போன சின்னத் துண்டு அல்ல. நாம் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறோம்.

இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி ஒரே குடும்பத்தால் வருவது. நம் ஆனைக்கொம்பன் ஈயின் குடும்பம் அது. நெல்லின் குருத்தை யானைத் தந்தம்போல வெளுத்த குழலாக மாற்றுவதால் நம் விவசாயிகள் அந்தப் பெயரை வைத்தார்கள். கொசுவைவிடச் சிறிய உடல், தொட்டால் நொறுங்கும் கால். 2016ல் கனடாவின் பூச்சிகளை மரபணுத் துணுக்கு வைத்து எண்ணிய ஓர் ஆய்வு, இந்த ஒரு குடும்பத்தில் மட்டும் அந்த நாட்டில் 16,000 இனங்கள் இருக்கலாம் என்றது. கனடாவில் இதுவரை பதிவான ஈ இனங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இவ்வளவு வராது. இது மதிப்பீடுதான், தலையை எண்ணிச் சொன்ன கணக்கு இல்லை. ஆனாலும் புல்வெளியின் பல்வகைமை பற்றிப் பேசும் எவரும் இந்த எண்ணை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

சரி, இவற்றை எப்படிப் பிடிக்கிறார்கள்? மூன்று வழி வழக்கத்தில் இருக்கிறது. வலையைப் புல்லின் தலைமேல் இப்படியும் அப்படியும் வீசி நடப்பது ஒன்று. மஞ்சள் நிறக் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையில் பதித்து வைப்பது இன்னொன்று. பூ என்று நினைத்து ஈக்கள் வந்து விழும். மூன்றாவதன் பெயர் மலேஸ் பொறி. ரெனே மலேஸ் என்ற சுவீடன்காரர் 1920களில் காம்சாட்கா தீபகற்பத்தில் பல ஆண்டு அலைந்தவர். பயணங்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சி வெளியேற வழி தேடிக் கீழே வராது, மேலே மேலே ஏறி உச்சி மூலையில் போய் அடையும். அந்த மூலையில் ஓட்டை போட்டு ஒரு குப்பியை வைத்தால் போதாதா? வலைத்துணியில் கூடாரம் தைத்து, உச்சியில் குப்பி மாட்டி, 1934ல் பர்மாவுக்கு எடுத்துப் போய்ப் பயன்படுத்தினார். 1937ல் எழுதியும் வைத்தார். இன்றும் உலகமெங்கும் ஈ பிடிப்பவர்கள் நட்டு வைப்பது அந்தக் கூடாரத்தைத்தான்.

யூக்கான் புல்வெளிகளில் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தவர்களில் முக்கியமானவர் டெர்ரி வீலர். மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லைமன் பூச்சியியல் அருங்காட்சியகத்தை நடத்தியவர், 2017ல் மறைந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் தெற்கு யூக்கானின் புல்வெளித் துண்டுகளில் ஈக்களைச் சேகரித்து, பிரெய்ரியில் கிடைத்தவற்றோடு குடும்பம் குடும்பமாக ஒப்பிட்டார்கள். அழகான பூச்சிகளை விட்டுவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள புல் ஈயின் பின்னால் வாழ்நாளைச் செலவிட்ட மனிதர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. யாராவது அதைச் செய்தால்தான் மற்றவர்கள் பேசுவதற்கே விஷயம் கிடைக்கும்.

அந்தப் புல் ஈக்களில் தொடங்குவோம். மஞ்சளும் கறுப்புமாக, வழுவழுப்பான உடலோடு புல்தாளில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஈக்கள் அவை. வலையை வீசினால் முதலில் நிறைவது இவற்றால்தான். புழு பெரும்பாலும் புல்லின் தண்டுக்குள் வாழும். நம் சோளக்காட்டில் குருத்து ஈ என்ன செய்கிறதோ ஏறக்குறைய அதே வேலை. நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். இரண்டும் வேறு வேறு குடும்பம், ஆனால் பிழைக்கும் வழி ஒன்று. வட அமெரிக்காவின் பூர்வீகப் புற்களில் வாழ்ந்த மெரோமைசா என்ற புல் ஈ, பிரெய்ரியை உழுது கோதுமை விதைத்ததும் கோதுமைக்கும் மாறிக்கொண்டது. கடைசிக் கணுவுக்கு மேலே தண்டைத் தின்றுவிடும், கதிர் மணி பிடிக்காமல் வெளுத்து நிற்கும். நெல்லில் நாம் வெண்கதிர் என்று சொல்வதைப் போலவே இருக்கும் அந்தக் காட்சி.

எல்லாப் புல் ஈயும் தண்டு தின்பதும் இல்லை. தௌமடோமையா என்ற பேரினத்தின் புழு மண்ணுக்குள் போய் வேரில் ஒட்டியிருக்கும் அசுவினிகளைத் தின்கிறது. பீட்ரூட் பயிரிடும் விவசாயிக்கு அது நண்பன். ஒரே குடும்பத்துக்குள் ஒன்று பயிரைத் தின்கிறது, ஒன்று பயிரைக் காக்கிறது. குடும்பப் பெயரை வைத்து யாரையும் எடைபோட முடியாது என்பது ஈக்களுக்கும் பொருந்தும்.

அடுத்து இலைக்குள் சுரங்கம் போடுபவை. வீட்டில் தக்காளியோ அவரையோ வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். இலையில் வெள்ளைக் கோடு ஒன்று பாம்பு ஊர்ந்ததுபோல வளைந்து வளைந்து போகும், போகப் போக அகலமாகும். உள்ளே புழு தின்று வளர்வதால் வரும் அகலம் அது. இலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் கோட்டின் முடிவில் புழுவே தெரியும். இந்தக் குடும்பத்து ஈக்களில் பெரும்பாலானவை செடி பார்த்துத்தான் முட்டையிடும். ஒரு செடி, அல்லது அதன் நெருங்கிய உறவுச் செடிகள், அவ்வளவுதான். அதனால்தான் புல்வெளியின் வரலாற்றைத் தேடுபவர்களுக்கு இவை விலைமதிப்பில்லாதவை. காற்றில் எவ்வளவு தூரம் அடித்துப் போனாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் தன் செடி இல்லாவிட்டால் அந்த ஈக்கு அங்கே வாழ்வு இல்லை.

குளிரை எப்படித் தாங்குகின்றன என்று கேட்பவர்களுக்குக் கோல்டன்ராட் செடியைக் காட்ட வேண்டும். பிரெய்ரியின் ஓரங்களில் மஞ்சள் பூங்கொத்தோடு நிற்கும் செடி. சில தண்டுகளில் நெல்லிக்காய் அளவுக்கு ஓர் உருண்டை வீங்கியிருக்கும். அதன் நடுவில் யூரோஸ்டா என்ற ஈயின் ஒரே ஒரு புழு. கோடை முழுக்கத் தின்று கொழுத்தபின், இலையுதிர்காலத்தில் அது ஒரு வேலை செய்கிறது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு வழி குடைந்துகொண்டே வந்து, மேல்தோலை மட்டும் மெல்லிய தாள்போல விட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது. பிறகு நடுவுக்கே திரும்பிப் போய்ப் படுத்துவிடும். காரணம் உண்டு. சிறகு முளைத்த ஈக்குக் கடிக்கும் வாய் கிடையாது. புழுவாக இருக்கும்போதே கதவை வெட்டி வைக்காவிட்டால் ஈயாகி உள்ளேயே சாக வேண்டியதுதான். வசந்தம் வந்ததும் ஈ அந்த வழியே நகர்ந்து வந்து, நெற்றியில் ஒரு பையைப் பலூன்போல ஊதி, அந்தத் தாளை முட்டிக் கிழித்து வெளியே வருகிறது.

நடுவில் கழிந்த குளிர்காலத்தில் புழு கல்லாக உறைந்திருக்கும். பேச்சுக்குச் சொல்வதல்ல, உடல்நீர் நிஜமாகவே பனிக்கட்டியாகிவிடும். அதற்கு முன்பே கிளிசராலும் சர்பிட்டாலும் உடலில் சேர்த்து வைத்திருப்பதால் திசுக்கள் சிதைவதில்லை. 1950களில் ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஆர். டபிள்யூ. சால்ட், இந்தப் புழுவின் கொழுப்புச் செல்களுக்கு உள்ளேயே பனி உருவாகியும் அவை பிழைப்பதைக் காட்டினார். செல்லுக்குள் பனி உருவானால் சாவுதான் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. குளிரைவிட அந்தப் புழுவுக்குப் பெரிய ஆபத்து பறவைகள். மரங்கொத்தி, புழு வெட்டி வைத்த அந்த வழியைக் கண்டுபிடித்து, அதன் வழியாகவே கொத்தி எடுத்துவிடும். சிக்கடி என்ற சின்னப் பறவையும் உருண்டையைக் கிழித்துப் புழுவைத் தின்னும்.

சாண ஈக்களைப் பற்றிச் சொல்லாமல் புல்வெளியைப் பற்றிப் பேச முடியாது. 1880கள் வரைக்கும் பிரெய்ரியின் சாணம் என்றால் பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமையின் சாணம். கோடிக்கணக்கில் இருந்த அந்தக் கூட்டம் வேட்டையில் ஏறக்குறைய அழிந்து, மாடுகள் வந்தன. மாடுகளோடு ஐரோப்பாவிலிருந்து கொம்பு ஈ என்ற ரத்தம் குடிக்கும் ஈயும் வந்து சேர்ந்தது. இரவும் பகலும் மாட்டின் மேலேயே கிடக்கும். மாடு சாணம் போட்ட உடனே மட்டும் இறங்கி, சூடு ஆறுவதற்குள் முட்டையிட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும். அதே சாணத்தில் பொன்னிற மயிர் போர்த்த சாண ஈ ஒன்று மற்ற ஈக்களைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும். அது வடகோளம் முழுக்க, ஐரோப்பா, சைபீரியா, கனடா என்று பரவிய இனம்.

மாடுகளின் குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற மருந்து சாணத்தோடு வெளியே வந்து, அதில் வளரும் ஈப் புழுக்களையும் வண்டுகளையும் கொல்கிறது. லெத்பிரிட்ஜில் கெவின் ஃப்ளோட் பல ஆண்டு ஆராய்ந்த விஷயம் இது. கடிக்கும் ஈ ஒழிந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சாணத்தை மண்ணாக்குபவையும் அதோடு போய்விடுகின்றன. ஈயைத் தின்று வாழும் பறவைக்கும் வௌவாலுக்கும் இரை குறைகிறது.

இப்போது பரவலுக்கு வருவோம். யூக்கானின் புல்வெளி ஈக்கள் எங்கிருந்து வந்திருக்கும்? இதற்கு ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டும்.

அப்போது கனடாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடியிருந்தது. அவ்வளவு நீரும் பனியாகத் தரையில் நின்றதால் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, சைபீரியாவும் அலாஸ்காவும் ஒரே நிலமாக இணைந்தன. பெரிஞ்சியா என்று அதைச் சொல்கிறார்கள். விந்தை என்னவென்றால், இவ்வளவு வடக்கே இருந்தும் அந்த நிலத்தின் பெரும்பகுதியில் பனிப்பாளம் இல்லை. காற்றில் ஈரமே இல்லாததால் பனி சேரவில்லை. டாசனைச் சுற்றிய யூக்கான் பகுதி அதில் சேர்த்தி. அங்கே குளிர்ந்த, வறண்ட புல்வெளி இருந்தது. மாமூத் யானைகளும் குதிரைகளும் பைசன்களும் மேய்ந்தன. டாசன் பக்கத்துத் தங்கச் சுரங்கங்களில் இன்றும் அவற்றின் எலும்புகள் கிடைக்கின்றன.

அந்தப் புல்வெளியின் ஈக்களில் ஒன்று நேரடியாகவே நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் சைபீரியாவின் ஷாந்த்ரின் ஆற்றுப் பகுதியில் ஒரு மாமூத் உள்ளுறுப்புகளோடு உறைந்து கிடந்தது. அதன் வயிற்றில் ஈப் புழுக்கள் இருந்தன. 1973ல் கொபோல்டியா ருசனோவி என்று பெயர் வைத்தார்கள். கொபோல்டியா என்ற பேரினம் நமக்கு அந்நியம் இல்லை. அதே பேரினத்தின் இன்னோர் இனம் இன்று ஆசிய யானைகளின் வயிற்றில் வளர்கிறது. தந்தத்தின் அடியிலும் வாயோரத்திலும் முட்டையிடும் ஈ அது. மாமூத் போனதும் மாமூத்தின் ஈயும் போய்விட்டது. யானை இருக்கும்வரை யானையின் ஈ இருக்கும். ஈக்களின் பரவல் என்று நாம் எழுதுவதெல்லாம் கடைசியில் இப்படி இன்னோர் உயிரின் பரவலில் போய்த்தான் முடிகிறது.

பனி உருகியதும் காற்றில் ஈரம் கூடியது. புல்வெளி சுருங்கி, புதர்க்காடும் ஸ்ப்ரூஸும் பரவின. புல் தங்கியது வெயில் சரிவுகளில் மட்டும். ஆக, அந்தத் துண்டுகள் பழைய மாமூத் புல்வெளியின் மிச்சம் என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது. ஆனால் வைட்ஹார்ஸ், கார்க்ராஸ், க்ளூவானி இருக்கும் தெற்கு யூக்கான் அந்தக் காலத்தில் பனிப்பாளத்துக்கு அடியில்தான் இருந்தது. அங்கே எந்தப் புல்லும் எந்த ஈயும் பிழைத்திருக்க வழியில்லை. இன்று அந்தச் சரிவில் பறக்கும் ஒவ்வொரு ஈயின் முன்னோரும் பனி உருகிய பிறகு எங்கிருந்தோ வந்து குடியேறியவைதான்.

வடக்கே பெரிஞ்சியாவில் பிழைத்தவை உருகும் பனியைத் தொடர்ந்து தெற்கே இறங்கியிருக்கலாம். அல்லது, பனிக்குப் பிந்தைய சில ஆயிரம் ஆண்டுகள் இன்றைவிட வெப்பமாகவும் வறட்சியாகவும் இருந்தபோது பிரெய்ரி வடக்கே நீண்டிருக்கலாம். வடக்கு ஆல்பர்ட்டாவில் பீஸ் ஆற்றின் செங்குத்தான கரைகளில் தனித்து நிற்கும் புல்வெளிகள் அந்த நீட்சியின் மைல்கல் போலத் தெரிகின்றன. பிறகு காடு மீண்டும் தெற்கே இறங்கி நடுவில் மறித்துவிட்டது. காற்றோடு தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டவையும் இருக்கத்தான் செய்யும்.

ஈக்களைச் சேகரித்துப் பார்த்தபோது கிடைத்தது ஒரு கலவை. பிரெய்ரியிலும் யூக்கானிலும் இருந்து நடுவில் தென்படாத இனங்கள் உண்டு. வடமேற்கு மூலையில் மட்டும் இருப்பவை உண்டு. எங்கும் பரவிக் கிடப்பவையும் நிறைய. பார்வைக்கு ஒரே மாதிரியான சரிவில், ஒரே வலைவீச்சில் சிக்கிய இரண்டு ஈக்கள் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தவையாக இருக்கலாம். எனக்கு இதில் பிடிபடும் முக்கியமான விஷயம் இதுதான்: யூக்கான் புல்வெளி என்று ஒன்று முழுசாக ஓரிடத்திலிருந்து பெயர்ந்து வரவில்லை. ஒவ்வோர் இனமும் தன் வழியில், தன் காலத்தில் வந்து கூடிய இடம் அது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நடுவில் தென்படவில்லை என்பதற்கு நடுவில் இல்லை என்று மட்டும் பொருள் இல்லை. அங்கே யாரும் வலை வீசாமல் இருந்திருக்கலாம். வடக்கில் ஈக்களின் பரவல் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் புள்ளிகள் பெரும்பாலும் நெடுஞ்சாலையை ஒட்டியே வரிசையாக இருக்கும். வண்டி போகும் இடம்வரைதான் நமக்குத் தெரிந்த ஈ. அதனால்தான் இப்போது ஒரே இனத்தின் யூக்கான் ஈயையும் பிரெய்ரி ஈயையும் எடுத்து மரபணுவை ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் ஆழமாக இருந்தால் பிரிந்து நெடுங்காலம் ஆகியிருக்கும், அதாவது பனிக்காலம் முழுக்க ஒன்று வடக்கிலும் ஒன்று தெற்கிலும் தனித்தனியாகப் பிழைத்திருக்கும். வித்தியாசம் இல்லையென்றால் பிரிவு சமீபத்தியது.

மனிதர்கள் இந்த வரைபடத்தை வேகமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மனிடோபாவின் உயர்புல் பிரெய்ரியில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு சதவீதம்கூட இல்லை, மீதி உழவுக்குப் போய்விட்டது. ஆற்றிலும் மாற்றம். 1940களில் சஸ்காச்சுவான் ஆற்றிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பிய கருப்பு ஈ நூற்றுக்கணக்கான கால்நடைகளைக் கடித்தே கொன்றது. பிறகு அணைகள் கட்டப்பட்டன. வண்டல் படிந்து தண்ணீர் தெளிந்தது. கலங்கிய நீருக்குப் பழகிய அந்த இனம் குறைந்து, 1970களில் தெளிந்த நீரை விரும்பும் வேறொரு கருப்பு ஈ அதன் இடத்துக்கு வந்தது. ஒரு அணை ஓர் ஈயை அனுப்பிவிட்டு இன்னோர் ஈயை அழைத்து வந்தது. யாரும் திட்டமிட்டதல்ல.

வெப்பம் கூடினால் புல்வெளி ஈக்களுக்குக் கொண்டாட்டம் என்று நினைக்கக் கூடாது. கிரீன்லாந்தின் சாக்கன்பெர்க்கில் 1996 முதல் 2014 வரை ஆண்டுதோறும் ஈ பிடித்துச் சேர்த்தார்கள். வீட்டு ஈயின் குடும்பத்தை மட்டும் எடுத்து எண்ணியபோது, 16 இனங்களில் 18,385 ஈக்கள் இருந்தன. அந்தக் காலத்துக்குள் அவற்றின் மொத்த எண்ணிக்கை 80 சதவீதம் சரிந்திருந்தது. அது தூந்திர நிலம், புல்வெளி இல்லை. ஆனால் இத்தனை ஆண்டு விடாமல் எண்ணிய இடம் வடக்கே வேறு அதிகம் இல்லை என்பதால், அந்த எண் எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. யூக்கானின் சரிவுகளில் அப்படியொரு தொடர்ச்சியான கணக்கு இருந்தால் இன்று என்ன சொல்லும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கனடாப் பிரெய்ரியின் தென்கோடியில், சஸ்காச்சுவானின் புல்வெளி தேசியப் பூங்காவுக்கு 2005ன் இறுதியில் 71 பைசன்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நூறாண்டுக்கும் மேல் அந்த மண்ணில் விழாத சாணம் மறுபடி விழத் தொடங்கியது. அந்தச் சாணத்துக்கு எந்த ஈக்கள் வருகின்றன, மாட்டோடு வந்தவையா, பைசன் காலத்தில் இருந்து எங்கேயோ ஒதுங்கிக் கிடந்தவையா என்பது யாராவது குனிந்து உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப் பார்த்தவர்கள் சேர்த்தவை அருங்காட்சியக இழுப்பறைகளில் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வோர் ஈயும் ஒரு சின்னத் தாள் முக்கோணத்தின் நுனியில் ஒட்டப்பட்டு, ஊசியில் குத்தி நிற்கும். ஊசியின் கீழே விரல்நக அளவில் ஒரு சீட்டு. யூக்கான், இந்த ஏரிக்கரை, தெற்குச் சரிவு, இந்தத் தேதி, வலைவீச்சு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதற்கும் கீழே ஈயின் பெயருக்காக இன்னொரு சீட்டு வர வேண்டும். பல ஊசிகளில் அந்தச் சீட்டு இன்னும் இல்லை.